காலரக்கா சொன்ன தப்பான முடிவு

காலரக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அது உயிரோடு இருந்தது. சீருடை தைக்கும் கம்பெனியில் சேர்ந்த நாள் முதலாக அவள் சட்டைக் காலரைத் தவிர வேறொன்றும் தைத்ததில்லை. கை வைக்க ஒருத்தி, பாக்கெட் வைக்க ஒருத்தி, காஜா எடுக்க ஒருத்தி, காலருக்கு இவள். தெருவில் யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் கண் கழுத்துக்குத்தான் போகும். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த ஆள்மேலேயே ஒரு கோபம் வரும்.

அவள் வீட்டுக்காரர் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்பவர். எந்த அலமாரியில் எந்த போல்ட் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். வியாபாரம் இல்லாத நேரத்தில் கவுண்டருக்கு அடியிலிருந்து நாவல் வெளியே வரும். எதிரே மருந்துக்கடை. அந்தக் கடைக்காரரும் இதே நோய் பிடித்தவர். இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டு நேரே காலரக்கா வீட்டுக்கு வந்து, கூடத்தில் கிடக்கும் கட்டிலில் ஒருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவருமாக உட்கார்ந்தால் அன்றைய கோர்ட் ஆரம்பமாகும். கோர்ட் என்று பெயர் வைத்தது காலரக்காதான்.

மருந்துக்கடைக்காரர் ஒரு புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். இவர் கேட்டு முடித்துவிட்டு, பத்துப் பக்கத்தில் முடிய வேண்டியதை முந்நூறு பக்கத்துக்கு இழுத்திருக்கிறான் என்பார். இவர் ஒன்றைச் சிபாரிசு செய்தால் அவர் பாதியில் தூங்கிவிட்டதாகச் சொல்வார். ஆனாலும் அடுத்த வாரம் இருவருமே மற்றவர் சொன்னதை ஒரு வரி விடாமல் படித்திருப்பார்கள். திட்டுவதற்காகவாவது படிக்க வேண்டும் அல்லவா. மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் புரை வளர்ந்து, போனில் ஒலிநூல் கேட்க ஆரம்பித்தபோது, காதில் கேட்பதெல்லாம் படித்த கணக்கில் வராது என்று இவர் ஒரு மாதம் அவரை ஓட்டித் தள்ளினார்.

காலரக்காவுக்கு இதில் எதுவும் ஏறாது. நடக்காத ஒன்றுக்கு இரண்டு பெரிய மனிதர்கள் இப்படித் தொண்டை வற்றக் கத்துகிறார்களே என்று அடுப்படியில் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொள்வாள். நாவல் என்றால் அவளுக்குக் கொட்டாவி வரும். அவ்வளவுதான்.

ஒருநாள் முற்பகலில் ஒரு மெக்கானிக் வந்து கிளட்ச் கேபிள் கேட்டான். வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். கேபிள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்க்காமல் அதையே வெறித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எதிர்க் கடையிலிருந்து பார்த்த மருந்துக்கடைக்காரர்தான் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் துவண்டுபோயின. பேச்சு போய்விட்டது. முழுவதும் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அதான். தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். எங்கே வலிக்கிறது என்றால் அதான். மகள் வெளியூரிலிருந்து ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதபோதும் அவளைப் பார்த்து அதான், அதான் என்றார். புரிகிறதெல்லாம் புரிகிறது, சொல்லுக்குப் போகிற வழிதான் அடைபட்டுவிட்டது என்று டாக்டர் விளக்கினார். எழுத்தும் அப்படியே. வீட்டுக்கு வந்த மறுநாள் இடது கையால் ஒரு புத்தகத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மூடித் தலையணைக்கு அடியில் தள்ளினார். அதன்பின் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. குடை, நாற்காலி, தம்ளர் என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டி, இது என்ன என்று கேட்டாள். அவர் குடையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். கிளம்பும்போது அவள் காலரக்காவை வாசலுக்கு அழைத்துப் போய், முதல் சில மாதத்தில் வருவதுதான் அதிகம், அதை விட்டுவிடக் கூடாது என்றாள். அவருக்கு எதில் உயிரோ அதைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், படமெல்லாம் அப்புறம் என்றாள்.

"அது ஒண்ணுதாம்மா எனக்குத் தெரியாது" என்றாள் காலரக்கா.

மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் அம்மாவின் போனில் ஒலிநூல் கேட்கிற செயலியைப் போட்டு, அப்பாவின் காதில் இயர்போனைச் செருகினாள். பத்து நிமிஷம் கேட்டுவிட்டுப் பிடுங்கி எறிந்தார். வேறொன்று போட்டாள். அதையும் பிடுங்கினார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாப்பிள்ளையின் வேலை என்று மகளுக்கும் எத்தனை நாள்தான் இருக்க முடியும். அவள் போன பிறகு காலரக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். இத்தனை வருஷமாக அடுப்படியிலிருந்து கேட்டதில் அவளுக்கு ஒன்று மட்டும் உறைத்தது. இந்த மனிதருக்குக் கதை கேட்பது பெரிதில்லை. கேட்டுவிட்டு இன்னொருவரிடம் அதைக் கிழித்துத் தோரணம் கட்டுவதுதான் அவருக்குச் சோறு.

அந்த இன்னொருவரோ வருவதை நிறுத்தியிருந்தார். முதல் வாரம் மருந்துக்கடைக்காரர் தினமும் வந்தார். செவிடனிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார். வெயில், கடைக்குப் புதிதாகப் போட்ட ஷட்டர், மின்வெட்டு என்று எதையெதையோ சொன்னார். ஒருநாள் ஒரு நாவலைப் பற்றி ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, அவசர வேலை என்று எழுந்து போனார். பிறகு அவரைக் காணோம். காலரக்கா பகலில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கணவருக்குத் துணை வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வரும் வழியில் மாத்திரை வாங்க நின்றால், பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொள்வார்.

கம்பெனியில் பட்டன் வைக்கும் ஒருத்தி இருந்தாள். காதில் எப்போதும் ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்றைக்குக் கேட்டதை அவள் சொல்ல, ஒரு வரிசைப் பெண்கள் அந்தக் கதாநாயகியைப் பக்கத்து வீட்டுக்காரியைப்போலப் பிரித்து மேய்வார்கள். காலரக்கா அவளிடம் போய், தனக்கும் ஒரு நல்ல கதையாகச் சொல்லச் சொன்னாள்.

"மொதல்ல சின்னதா ஒண்ணு கேளுக்கா. நல்லா அழுகை வர்ற மாதிரி."

"அழறதுக்கு எனக்குக் கதை வேணாம்டி. சண்டை போடற மாதிரி ஒண்ணு குடு."

"யார்கூடச் சண்டை?"

"எங்க வீட்டுக்காரரோட."

அப்படித்தான் ஐம்பதைத் தொடுகிற வயதில் காலரக்கா நாவலுக்குள் இறங்கினாள். நாற்பது மெஷின் ஓடும் சத்தத்தில் பாதி காதில் விழும், பாதி விழாது. அண்ணன் பெயரும் தம்பி பெயரும் குழம்பிப்போகும். சாயங்காலம் கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, கேட்டதைச் சொல்வாள். கதையை விட்டுவிட்டு அதில் வரும் மாமியார் செய்த அக்கிரமத்திலேயே போய் நின்றுவிடுவாள். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு அதான் என்பார். அந்தச் சத்தத்தில் உயிர் இருக்காது. பாத்திரம் கழுவும்போது குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அழுவாள். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயிற்சிக்காரப் பெண் சொன்ன முதல் சில மாதம் கையில் அள்ளிய தண்ணீர்போல ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் ரயில்வே கார்டு ஒருவனைப் பற்றிய நாவலைச் சொன்னாள். குடும்பத்தை விட்டு ஓடிப்போனவன் வயதான காலத்தில் திரும்பி வந்து பழைய வீட்டு வாசலில் நிற்கிறான். அதுவரைதான் அவள் கேட்டிருந்தாள். கடைசிப் பகுதியில் சூப்பர்வைசர் வந்து கத்தியதில் கவனம் போய்விட்டது. எப்படியும் இப்படித்தான் முடியும் என்று அவளாகவே முடித்து வைத்தாள். கதவைத் தட்டுகிறான், பெண்டாட்டி திறக்கிறாள், எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருகிறார்கள்.

"அதான்" என்றார் அவர்.

அவள் கையில் கவளம் அப்படியே நின்றது. அது நறுக்கென்று கடித்துத் துப்பிய அதான். இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். மறுபடியும் அதான் என்றார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. பயந்துபோய் நீவிவிட்டுப் படுக்க வைத்தாள். பிறகு போனை எடுத்து அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டாள். கார்டு கதவைத் தட்டவே இல்லை. உள்ளே பாத்திரம் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வந்த வழியே போய்விடுகிறான்.

அந்தப் புத்தகத்தை அவர் எப்போதோ படித்திருக்கிறார். இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரே சொல்லில் ஆமாம் வேறு, இல்லை வேறு என்று அவர் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். யாருக்கும் காது இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. இழுத்துச் சொன்னால் ஆமாம். கடித்துச் சொன்னால் இல்லை. குரல் இறங்கிப் போனால் போதும், விடு என்று அர்த்தம். பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கும் சந்தோஷம். காலரக்கா அவர் படித்த கதைகளாகப் பார்த்து வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். செத்தவனைப் பிழைக்க வைத்தாள், நல்லவனைத் திருடனாக்கினாள். அவர் ஒவ்வொரு தடவையும் கட்டிலை அடித்தார். அவள் உள்ளுக்குள் பூரித்துப் போனாள். ஒரு நாள் அந்த அடியிலிருந்து ஒரு புதுச் சொல் தெறித்து விழும் என்று நம்பினாள்.

அதிலும் மண் விழுந்தது. அவர் புத்தி எங்கும் போய்விடவில்லையே. ஒருநாள் அவள் ஒரு கதையின் முடிவை மாற்றிச் சொல்லிவிட்டு, என்ன சொல்லப் போகிறாரோ என்று ஆவலாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். சோறு ஊட்டுகிறவள் ஒரு வாய்க்குக் காக்கா, ஒரு வாய்க்குக் குருவி என்று குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறாள் என்று கண்டுகொண்ட பார்வை அது. கண்ணில் தண்ணீர் கட்டியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதோடு அந்த ஒரு சொல்லும் நின்றுபோனது. கெஞ்சினாள், மன்னிப்புக் கேட்டாள், ஒருநாள் பொறுக்க முடியாமல் தோளைப் பிடித்து உலுக்கியும் விட்டாள். வாய்க்குள் வைத்த சோறு அப்படியே இருக்கும். பயிற்சிக்காரப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டுவதற்காகக் கட்டிலை நகர்த்தினாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே வெள்ளையும் ரோஸுமாகத் தரையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தாள். மாத்திரைகள். சில முழுசாக, சில கரைந்து ஊறி. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, அவள் அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்கிறார்.

"எத்தன நாளாங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கத்தவில்லை. தரையிலிருந்து அவற்றை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு நேரே மருந்துக்கடைக்கு நடந்தாள். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிக் கவுண்டரின்மேல் கையைத் திறந்தாள்.

"அண்ணே, இதெல்லாம் என்ன மாத்திரைன்னு பாத்துச் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "இது பிரஷருக்கு. இது ரத்தம் கட்டாம இருக்க. நான் குடுத்ததுதான்." பிறகு நிமிர்ந்தார். "ஏம்மா நனஞ்சிருக்கு?"

"துப்பியிருக்காரு. தெனமும்."

அவர் நின்றவர்களை ஒருவழியாக அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னால அங்க வர முடியலம்மா" என்றார். "முப்பது வருஷத்துல நான் சொன்ன எதையாவது அவன் சரின்னு ஒத்துக்கிட்டிருப்பானா? அன்னைக்கு வேணும்னே ஒரு குப்பைக் கதையைச் சொல்லி, இதுக்கு மிஞ்சி ஒருத்தன் எழுத முடியாதுடான்னேன். அதுக்கும் அதான்னான். எனக்கு அப்பவே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு தோணிப்போச்சு."

"அவரு ஒத்துக்கல அண்ணே. அவரு இல்லேன்னு சொல்றதும் அந்தச் சொல்லுலதான். உங்களுக்குக் கேக்கத் தெரியல. எனக்கும்தான் தெரியல, ரொம்ப நாளைக்கு."

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் விடவில்லை.

"நான் கதை சொல்லிப் பாத்துட்டேன், எனக்கு வரல. அவர ஏமாத்திக்கூடப் பாத்துட்டேன். உங்க சண்டை எனக்குத் தெரியாது. இன்னைக்கு நீங்க வரலேன்னா, இன்னொரு நாள் வந்து கூப்பிடறதுக்கு அவரு இருப்பாரான்னு எனக்குத் தெரியல."

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்தார். நண்பர் விழுந்ததிலிருந்து அவரும் ஒரு கதைகூடக் கேட்கவில்லையாம். வெறுங்கையோடு வர முடியாதென்று மத்தியானம் முழுக்க ஒரு நாவலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டு முடித்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாத்திரை என்ற பேச்சையே எடுக்காமல் கதையை ஆரம்பித்தார். ஒரு கப்பல் சமையல்காரன் தவறு செய்கிறான், அதில் மூன்று பேர் சாகிறார்கள், கடைசியில் கேப்டன் அவனை மன்னிக்கிறான். அந்த மன்னிப்பைப் போல ஒரு இடம் இந்தப் பத்து வருஷத்தில் வந்ததில்லை என்றார். சுவரைப் பார்த்த முதுகு ஒன்றுக்கு அரைமணி நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அதான்" என்றது முதுகு. நறுக்கென்று.

மருந்துக்கடைக்காரர் அடுப்படி வாசலைப் பார்த்தார்.

"இல்லேங்கறாரு" என்றாள் காலரக்கா.

எது இல்லை என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். சமையல்காரனா? அதான், போதும் என்கிற மாதிரி. எழுத்து நடையா? அதுவும் இல்லை. அப்படியென்றால் கேப்டன் மன்னித்ததா? அதான் என்று இழுத்துச் சொன்னார். இந்தப் புத்தகத்தை அவர் எப்போதோ படித்திருக்கிறார் என்பது மருந்துக்கடைக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு பழைய கோபம் அவருக்குள் ஏறியது.

"மன்னிக்காம வேற என்னடா பண்ணுவான்? கடல்ல புடிச்சுத் தள்ளிருவானா?"

வீட்டுக்காரர் மெல்லப் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினார். இடது கையைத் தூக்கி, விரலை விரித்து, காற்றில் ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினார்.

"ஈவு இரக்கம் உனக்கு அன்னைக்கும் கெடையாது, இன்னைக்கும் கெடையாது" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார். கத்தும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் தள்றதுதான் சரின்னு படுது" என்றாள் காலரக்கா. இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேர் செத்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் போய் இந்தக் கேப்டன் என்ன சொல்வான் என்று அவள் கேட்டாள். நாளைக்கு வந்து பதில் சொல்வதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார். கிளம்பும்போது மாத்திரைகளைத் தானே நண்பரின் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முழுங்கினாயா என்று கேட்டதற்கு, வீட்டுக்காரர் வாயைப் பிளந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு இளக்காரம் இருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பயிற்சிக்காரப் பெண் குறித்துக் கொடுத்த மாதங்கள் கடந்தன. இல்லை என்ற சொல் ஒருநாள் தெளிவாக வந்தது. போடா என்பது வந்தது. காலரக்காவைக் கூப்பிடுகிற சொல் வரவில்லை. இன்னும் வரவில்லை. வலது கை மடிந்தபடியே இருக்கிறது. உதிரிபாகக் கடையில் வேறு ஆள் நிற்கிறான். மருந்துக்கடைக்காரர் வருகிற சாயங்காலங்களில் வீட்டில் சத்தம் கேட்கும். அவர் வராத நாட்களில் அந்த முதுகு மறுபடி சுவரைப் பார்த்துவிடும். காலரக்கா இப்போதும் தினமும் காலையில் முட்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அங்கே மாத்திரை கிடந்தது. மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தால் கால் மிதியைவிட்டுத் தானாக எழும்பிவிடுகிறது.

கதை கேட்பதை மட்டும் அவள் விடவில்லை. கணவருக்குத் தப்பாகச் சொல்வதில்லை. கேட்காமல் விட்டதைக் கேட்கவில்லை என்றே சொல்லிவிடுகிறாள். கம்பெனியில் இப்போது பட்டன்காரிதான் அவளிடம் வந்து யோசனை கேட்கிறாள். ஆரம்பம் நன்றாக இருக்கும், நடுவில் தூங்கிவிடுவாய், அந்த வக்கீல் வரும்போது எழுந்தால் போதும் என்று காலரக்கா தீர்ப்புச் சொல்வாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பிடித்துக்கொண்டது, மருந்துக்கடைக்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. காலரக்கா கட்டிலிலேயே அவர் பக்கத்தில் சாய்ந்து, ஒரு இயர்போனை அவர் காதிலும் ஒன்றைத் தன் காதிலும் வைத்துப் புதிதாக ஒரு நாவலைப் போட்டாள். தங்கையின் கல்யாணத்துக்குப் போக மறுக்கும் ஒரு நர்ஸின் கதை. ஆறு நாள் காலர் தைத்த உடம்பு, எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியாது.

விழித்தபோது காதில் சத்தமே இல்லை. முதலில் அவர் மார்பைத்தான் பார்த்தாள். ஏறி இறங்கியது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். போன் அவர் இடது கையில் இருந்தது, கட்டைவிரல் திரையின்மேல். அவள் தூங்கிப்போனதும் கதையை நிறுத்தி வைத்திருக்கிறார். மழை விட்டு ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. அவ்வளவு நேரமும் மேலே கேட்காமல் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"எங்க விட்டேன்?" என்று கேட்டாள்.

அவர் கட்டைவிரலால் திரையைத் தடவித் தடவிப் பின்னால் தள்ளினார். சரியாக வரவில்லை. மறுபடி தள்ளினார். கழன்று கிடந்த இயர்போனை எடுத்து அவள் காதில் வைத்தார். நர்ஸ் ஊருக்குக் கிளம்பாமல் பெட்டியைத் திரும்பப் பிரிக்கும் இடம் ஓடியது. அது அவள் முன்பே கேட்டதுதான். கேட்டேன் என்று அவள் சொல்லவில்லை.